கல் விழுவதைப் பேசியது போதும், தேடுகிறவர்களைப் பற்றிப் பேசுங்க

2025 பிப்ரவரியில் எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே களேபரம். 2032 டிசம்பர் 22இல் விண்கல் மோதுகிறதாம். கோபியிலிருந்து மாமா போன் போட்டு, "ஏனுங் மாப்ள, அட்வான்ஸ் குடுத்த காட்டைக் கிரயம் பண்றதா, உட்டர்றதா?" என்றார். பண்ணுங்க மாமா என்றேன்.

2024 ஒய்ஆர்4 என்ற அந்தக் கல் பூமியில் மோதும் வாய்ப்பு 3 சதவீதத்தைத் தொட்டு, சில நாளிலேயே ஏறக்குறையப் பூஜ்யமாகிவிட்டது. பயமுறுத்திய யூடியூப்காரர்கள் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் தொடாத சங்கதி ஒன்று உண்டு. அந்தக் கல் நம்மைக் கடந்தது 2024 டிசம்பர் 25இல். கண்ணில் பட்டதோ 27இல்! சூரியன் இருக்கிற பக்கமிருந்து வந்தால் தரையிலுள்ள தொலைநோக்கிக்குத் தெரியாது. 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்த சுமார் 20 மீட்டர் கல்லும் அப்படித்தான் வந்தது. ஆயிரத்துக்கும் மேல் காயம், பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி உடைந்து.

இப்படிப்பட்ட கற்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர் ஏமி மைன்சர் என்ற அமெரிக்க வானியலாளர். 2009இல் நாசா ஏவிய வைஸ் என்ற அகச்சிவப்பு (வெப்பக் கதிரைப் பார்க்கும்) விண்தொலைநோக்கியில் அடுத்த வருடமே குளிரூட்டி தீர்ந்தது. 2011இல் தூங்கவைத்தார்கள். 2013இல் எழுப்பி, நியோவைஸ் என்று பெயர் வைத்து, மைன்சர் தலைமையில் 2024 வரை குறுங்கோள்களை, அதாவது சூரியனைச் சுற்றும் இந்த மாதிரிக் கற்களைத் தேடவிட்டார்கள். 2020இல் நாம் பார்த்த வால்நட்சத்திரம்கூட அது கண்டுபிடித்ததுதான்.

அகச்சிவப்பு எதற்கு? பல குறுங்கோள்கள் நல்ல கறுப்பு. சாதாரணத் தொலைநோக்கியில் சின்ன வெளுத்த கல்லும் பெரிய கறுத்த கல்லும் ஒரே மாதிரி புள்ளிதான். ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த சென்னிமலைப் பாறை பொழுது சாய்ந்தும் காலைச் சுடுமே, அதுபோல வெயில் வாங்கிய கல் வெப்பத்தை வெளியே விட்டே ஆகவேண்டும். அந்த வெப்பத்தை அளந்தால் கல்லின் பருமன் பிடிபடும்.

140 மீட்டருக்கு மேற்பட்ட, பூமிப்பக்கம் வரும் கற்களில் 90 சதவீதத்தை 2020க்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று 2005லேயே அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள். இன்னும் பாதிகூடத் தேறவில்லை. மைன்சர் தலைமையில் உருவாகும் நியோ சர்வேயர் என்ற புது அகச்சிவப்பு விண்தொலைநோக்கி பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று தேடும். 2026இல் போயிருக்க வேண்டியது. நடுவில் நிதியைக் குறைத்து இழுத்தடித்து, இப்போது 2027 செப்டம்பருக்கு முன்னால் இல்லை என்கிறார்கள். இதில் மிச்சம் பிடிப்பது சுத்த மடத்தனம். மோதித் தள்ளிக் கல்லின் பாதையை மாற்றலாம் என்று 2022இல் நாசாவின் டார்ட் விண்கலம் காட்டிவிட்டது, சரி. அதற்குப் பல வருடம் முன்னாடியே கல் தெரிந்திருக்க வேண்டாமா?

குறுங்கோள் தேடும் ஐஏஎஸ்சி என்ற சர்வதேசத் திட்டத்தில் இந்திய மாணவர்கள் பலர் சேர்கிறார்கள். ஹவாயில் எடுத்த படங்கள் கணினிக்கு வரும், நகரும் புள்ளியைத் தேட வேண்டும். காசு கிடையாது. திருப்பூர் வெளிச்சத்தில் நட்சத்திரமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீட் கோச்சிங்குக்கு நடுவே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க நம்ம நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளுக்கு மனசு வருமா என்பதுதான் என் சந்தேகம்.