குளத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது?

2023 டிசம்பர் 17, 18 நாங்கள் யாரும் மறக்க முடியாத நாட்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதைவிட அது அதிகம். தாமிரபரணி கரைகொள்ளாமல் போய்ப் புன்னக்காயலில் கடலில் விழுந்தது. எங்கள் ஊர்க் குளமும் உடைந்தது. நான்கு மாதம் கழித்துச் சித்திரையில் போய்ப் பார்த்தால் குளம் வெடித்துக் கிடக்கிறது, ஆடுமாடுக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

இனி மழை இப்படித்தான் வரும் என்கிறார்கள்: பல நாள் வராது, வந்தால் மொத்தமாகக் கொட்டும். அப்படியென்றால் அந்த இரண்டு நாள் தண்ணீரைப் பிடித்து வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது? பாபநாசம் அணைக்கும் மணிமுத்தாறு அணைக்கும் ஓர் அளவு உண்டு. மிச்சத்துக்குக் குளங்கள்தான்.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்பும். ஒரு குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். நடுவில் ஓர் ஓடையை அடைத்து வீடு கட்டிவிட்டால் மேலே உள்ள ஊர் முங்கும், கீழே உள்ள குளம் காயும். வெள்ளமும் வறட்சியும் ஒரே இடத்தில் பிறப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால்தான் புதுத் திட்டம் என்று யார் பேசினாலும் முதலில் மறுகால் ஓடையை அளந்து எல்லைக் கல் நடச் சொல்கிறேன்.

அப்புறம் கரம்பை, அதாவது குளத்து வண்டல். முன்பு கோடையில் வண்டி கட்டி அள்ளி வயலில் போடுவார்கள், குளமும் ஆழமாகும். இப்போது வேலிக்கருவைதான் குளத்துக்குள் காடாக நிற்கிறது. வண்டல் எடுக்கத் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-ல் விதியை எளிதாக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் குளம் முழுக்க ஒரே மட்டமாக எடுக்க வேண்டும். கரையோரம் குழி தோண்டினால் கரையே பலவீனமாகிவிடும்.

ஆனியில் தொடங்கும் கார் நெல் சாகுபடி பற்றியும் சொல்லவேண்டும். அம்பை 16 மாதிரி 110, 115 நாள் நெல்லானாலும் கடைசி வரை தண்ணீர் வேண்டும். அணை மட்டம் குறைவாக இருந்தால் வைகாசியிலேயே ஊர்கூடி, இந்த வருஷம் உளுந்து என்று முடிவெடுப்பது நல்லது. ஆனி வரை காத்திருந்து நாற்றைக் கருகவிட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். அடுத்த போகமான பிசானத்துக்கு விதைநெல் வாங்கவும் அந்த வருஷம் கடன்தான்.

எங்கள் குளத்தில், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் நடுமடையின் பலகை இன்னும் உடைந்தே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் பத்துப் பேர் மறுகால் ஓடையைச் சுத்தம் செய்யப் போகிறோம். ஊரில் இருப்பவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.