கணக்கு நோட்டுக்குள் ஒரு சீட்டு

என் மகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். சென்னையில், வியாசர்பாடி பக்கம். போன கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அம்மா தன் பையனின் கணக்கு நோட்டை நீட்டினார். உள்ளே நாலாக மடித்த சீட்டு, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு மூன்றாம் வகுப்புப் பையனின் கண்ணைச் சோதித்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தது. தேதியைப் பார்த்தேன். நாலு மாதம் ஆகியிருந்தது.

"போகலையாம்மா?" என்றேன்.

"நாலு வீட்ல வேலை செய்றேங்க. ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். டோக்கன் முடிஞ்சிடுச்சு, நாளைக்கு வாங்கன்னுட்டாங்க. மறுநாளும் லீவு கேட்டா வேற ஆள் வெச்சிடுவாங்க."

மருத்துவக் குழு சோதித்து எழுதியது. டீச்சர் பையனை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். அம்மாவும் ஒரு நாள் கூலியை விட்டுப் போய்ப் பார்த்தார். அவரவர் வேலையை அவரவர் செய்திருக்கிறார்கள், கண்ணாடி மட்டும் வரவில்லை. இதில் யாரைத் திட்டுவது?

அங்கன்வாடி ஆயாவிடம் பேசியபோதுதான் எனக்கு மனசே ஆறவில்லை. படப் புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துத்தான் பார்ப்பானாம், மூன்று வயதிலேயே. அங்கே எடை, உயரம் எல்லாம் மாதாமாதம் எழுதுகிறார்கள். ஆனால் அவன் ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்த அன்று அந்த நோட்டு அங்கேயே நின்றுவிட்டது. பள்ளிக்கு எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்), சுகாதார நிலையத்துக்கு வேறு பதிவேடு. மூன்று இடமும் பக்கத்துப் பக்கத்துத் தெருதான். ஒரு இடத்து விஷயத்தை இன்னொரு இடத்துக்குச் சுமக்கிற ஒரே ஆள் அந்த அம்மா, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு.

பிள்ளை தினமும் வருகிற இடம் பள்ளி. அதனால் தேவையானதைப் பள்ளிக்கே கொண்டுவர வேண்டும். இது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டது இந்த ஊர்தான். 2022இல் காலை உணவுத் திட்டம் வந்ததும் அதே வழியில்தான். சாப்பாட்டுக்கு எந்தத் தாயும் லீவு போட்டு வரிசையில் நிற்கவில்லை, தட்டு வகுப்புக்கு வந்தது. கண்ணாடிக்கும், ரத்தசோகைக்கும், பேச்சு வராத பிள்ளைக்கும் அப்படி ஏன் வரக்கூடாது?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த எங்கள் குழுவில் பெற்றோர்தான் அதிகம். தலைவரும் ஒரு பெற்றோர். உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடம் உண்டு. சரி, அதே மேசைக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸையும் அங்கன்வாடி டீச்சரையும் மாதம் ஒரு மணி நேரம் அழைத்தால் என்ன? பெரிய பட்ஜெட் வேண்டாம். யாருக்கு என்ன சீட்டு கொடுத்தோம், யார் போனார்கள், போகாதவரை யார் கூட்டிப்போவது என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். பிள்ளையின் உடம்பு விவரத்தைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கக் கூடாது, அதில் மட்டும் கவனம் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன்.

பையனை இந்தப் புதன்கிழமை நானே கூட்டிப் போகிறேன். காலை ஆறரைக்கே போனால் டோக்கன் கிடைக்குமாம். டீச்சரிடம் சொன்னபோது, அவன் வகுப்பிலேயே இன்னும் ஆறு பேரிடம் அதே மாதிரிச் சீட்டு இருக்கிறது என்றார்.