ஆள் கூடினால் நாள் குறையும்: ஏற்காடு காப்பித் தோட்டக் கணக்கு

சேலம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் 'ஆள்-நாள் கணக்குக்கு ஒரே சூத்திரம்' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. ஏற்காட்டுத் தோட்டத்தில் 6 பேர் 10 நாளில் காப்பிப் பழம் பறித்தால் 15 பேருக்கு எத்தனை நாள்? குறுக்கே பெருக்கு, 15×10÷6, விடை 25 நாள் என்கிறது அது.

இது தவறு. சரியான விடை 4 நாள்.

தோட்டத்தையே நினைத்துப் பாருங்கள். செடிகளும் பழமும் அதேதான். கூடையோடு நிற்பவர்கள்தான் 6-லிருந்து 15 ஆகிறார்கள். அப்புறம் எப்படி நாள் கூடும்? ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை ஓர் ஆள்நாள். மொத்த வேலை 6×10, அதாவது 60 ஆள்நாள். அதை 15 பேர் பகிர்ந்தால் 60÷15 = 4. விடையைத் திருப்பிப் பெருக்குங்கள்: 15×4 = 60, சரியாக வருகிறது. 15×25 போட்டால் 375, வேலையே ஆறு மடங்குக்கு மேல் பெருத்துவிடுகிறது! எல்லோரும் ஒரே வேகத்தில் பறிப்பதாக வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு.

குழப்பம் எங்கே வந்தது என்பது புரிகிறது. ஒரு நாளில் 6 பேர் 10 கூடை பறித்தால் 15 பேர் 25 கூடை பறிப்பார்கள். அது நேர் விகிதம்: ஒன்று கூடினால் மற்றதும் கூடும். அந்த வழி அங்கே பொருந்தும். நாள் கேட்டால் எதிர் விகிதம்: ஒன்று கூடினால் மற்றது குறையும்.

7-ஆம் வகுப்புத் தமிழ்நாடு அரசுக் கணக்குப் புத்தகத்தில் நேர், எதிர் விகிதப் பாடத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் அந்தத் தவறான சூத்திரத்தை மனப்பாடம் செய்வது வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் '4 நாள்' என்று திருத்தம் போடுங்கள்.