டைட்டஸ் வளைவு வெறும் அலங்காரம் இல்லை

"கல்லுல போய் அரசியல் தேடாதீங்க, வேலைப்பாட்டை ரசிங்க." முந்தாநாள் ரோமின் டைட்டஸ் வளைவுப் படத்துக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எந்த கமெண்ட் என்று தெரியும். எழுதியவர் யாரோ எவரோ இல்லை என்பதால்தான் இத்தனை வலி.

அந்தக் கல்லை நட்டதே அரசியல்தான். கி.பி. 70-இல் ரோமத் தளபதி டைட்டஸ் ஜெருசலேமைப் பிடித்தான், யூதர்களின் கோயில் எரிந்தது. பின்னாளில் அவனே பேரரசன் ஆனான். 81-இல் அவன் செத்ததும் தம்பி டொமிஷியன் பட்டத்துக்கு வந்தான். அதன்பிறகு எழுந்த வளைவு இது. மேலே 'தெய்வமாகிய டைட்டஸுக்கு' என்று பொறித்திருக்கிறது. அண்ணன் தெய்வம் என்றால் தம்பி யார்? அரசியலை நான் வேறு தேட வேண்டுமா?

ரோமில் அதன்முன் நின்றபோது வழிகாட்டி "வெற்றிச் சின்னம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உள்சுவரைப் பார்த்தபடி என் மகள் கேட்டாள்: "அப்பா, இந்த விளக்கு யாரோடது?" ஏழு கிளை விளக்கு, எக்காளங்கள், கோயில் மேசை. ரோம வீரர்கள் வெற்றி ஊர்வலத்தில் அவற்றைத் தண்டு போட்டுத் தோளில் சுமந்து போகிறார்கள். தோள் நோகாமல் இருக்கத் தண்டுக்கு அடியில் மெத்தை வேறு. கொள்ளையடித்தவன் தோளுக்கு மெத்தை செதுக்கிய சிற்பி, விளக்குக்கு உரியவர்களின் முகத்தை அந்தப் பலகையில் செதுக்கவில்லை. இதுவா அலங்காரம்?

வேலைப்பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. முன்னால் போகிறவர்கள் புடைத்து நிற்க, பின்னால் வருகிறவர்கள் கல்லுக்குள் அமிழ்ந்திருக்கிறார்கள். வலது ஓரத்து வாசல் சாய்வாக இருப்பதால் ஊர்வலமே நம் கண்ணெதிரே திரும்பி அதற்குள் நுழைகிறது. அவ்வளவு அற்புதம். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

"எல்லா ராஜாவும் செய்ததுதானே?" செய்தார்கள். அதற்காகப் பறிகொடுத்தவனை மறந்துவிடலாமா? "அப்போ இடிச்சிடலாமா?" அப்படி நான் எங்கே எழுதினேன்? 1821-இல் வளடியே என்ற கட்டடக் கலைஞர் அதைச் செப்பனிட்டபோது, பழைய பளிங்கும் புதுக் கல்லும் தனித்தனியாகத் தெரியட்டும் என்று டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல்லை வைத்தார். அந்த நேர்மையைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ரோமில் வாழ்ந்த யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் அடியில் நடக்க மறுத்தார்கள். 1947-இல் பாலஸ்தீனத்தைப் பிரித்து யூதர்களுக்கு ஒரு நாடு அமைக்கலாம் என்று ஐ.நா. வாக்கெடுப்பு முடிந்ததும் திரண்டு வந்து, அந்த ஊர்வலம் போன திசைக்கு எதிர்த்திசையில் நடந்தார்கள். அவர்களிடமும் போய்ச் சொல்வீர்களா, வேலைப்பாட்டை ரசிங்க என்று?

மகளுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். திரும்பித் திரும்பி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.