தலைமையாசிரியர்களை எதற்குத் தயார் செய்கிறோம்?

1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, வலுவான காரணம் இருந்தாலன்றி எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளிகளிலேயே சேர்க்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு, அதை ஏற்ற நாடுகளுக்கு உள்ளடக்கிய கல்வியை, அதாவது மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் பொதுப் பள்ளியில் தேவையான உதவியோடு மற்றவர்களுடன் சேர்ந்து கற்பதை, கடமையாகவே ஆக்கியது. சேர்ந்த குழந்தைக்குப் பள்ளிக்குள் என்ன நேர்கிறது என்பதோ பெரும்பாலும் தலைமையாசிரியரின் மேசையில் முடிவாகிறது.

கால அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒரே நேரத்தில் ஓய்வாக அமைந்தால்தான் இருவரும் அமர்ந்து அடுத்த பாடத்தைச் சேர்ந்து திட்டமிட முடியும். அதற்கு இடம் வைக்காத பள்ளியில் சிறப்பாசிரியர் அக்குழந்தைகளில் நான்கைந்து பேரைத் தனி அறைக்கு அழைத்துப் போவார்; அவர்கள் திரும்பி வருவதற்குள் வகுப்பு வேறு பாடத்துக்குப் போயிருக்கும். யாருக்கும் இதில் கெட்ட எண்ணம் கிடையாது. அட்டவணை போட்டவருக்கு இது தோன்றவில்லை, அவ்வளவுதான். சக்கர நாற்காலியில் வரும் மாணவியின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதும், அடிக்கடி சண்டையிடும் மாணவனை வெளியேற்றுவதற்கு முன் அவன் சாப்பிட்டானா, தூங்கினானா, வீட்டில் என்ன நிலை என்று விசாரிப்பதும் இவ்வகை முடிவுகளே.

பணிமூப்பால் தலைமையாசிரியர் பதவிக்கு வருபவருக்கு வரவு செலவுக் கணக்கும் பணி விதிகளும் கற்பிக்கப்படுகின்றன. அவை தேவைதான், அவை தெரியாமல் பள்ளியை நடத்த இயலாது. ஆனால் உள்ளடக்கிய கல்வியை ஒரு நாள் விரிவுரையில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பொறுப்பேற்பதற்கு முன் அவர் சில மாதங்களேனும் அனுபவமிக்க தலைமையாசிரியர் ஒருவரின் அருகிலிருந்து பழக வேண்டும். "அந்தப் பிள்ளையால் என் பிள்ளையின் படிப்பு கெடுகிறது" என்று கோபத்தோடு வரும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதை அப்படிப் பார்த்துத்தான் கற்க முடியும். பள்ளியிலிருந்து ஒதுக்கப்பட்டு வளர்ந்தவர்களே பயிற்சியில் வந்து பேச வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது ஆசிரியர்களின் அச்சத்தை. "இந்தக் குழந்தைக்கு எப்படிக் கற்பிப்பது என்று தெரியவில்லை" என்று ஓர் ஆசிரியர் வாய்விட்டுச் சொன்னால் அது திறமைக்குறைவாகக் குறிக்கப்படும் பள்ளியில், அவர் அக்குழந்தையைக் கடைசி வரிசையில் அமர்த்திவிட்டு மௌனமாகிவிடுவார். "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லும் துணிவு தலைமையாசிரியருக்கு வேண்டும்.

அத்துணிவு நிலைக்க வேண்டுமானால் அவரை மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டை மட்டுமே கேட்கும் அதிகாரியின் முன் மெதுவாகக் கற்கும் குழந்தை ஒரு சுமையாகவே தெரியும். இந்த ஆண்டு பள்ளியை விட்டு விலகியவர்கள் எத்தனை பேர், ஏன் விலகினார்கள் என்பதையும் அதே ஆய்வில் அவரிடம் கேட்க வேண்டும்.