பூட்டிய வீட்டுக்கும் தண்ணீர் பில் வரும்

"வீட்டைப் பூட்டிட்டுப் போனா மீட்டர் ஓடாது, பில்லும் கட்ட வேண்டாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி பில் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். மீட்டர் உள்ள பல இடங்களில் பில்லுக்கு இரண்டு பகுதி உண்டு. ஒன்று, பயன்படுத்திய தண்ணீருக்கானது. இன்னொன்று இணைப்புக்கான நிலைக் கட்டணம். ஒரு சொட்டுகூடத் திறக்காவிட்டாலும் அது வரும். கட்டாமல் விட்டால் நிலுவையாக ஏறும்.

மீட்டர் ஓடாது என்பதும் நிச்சயமில்லை. நாங்கள் ஊரில் இல்லாத இரண்டு மாதமும் கழிப்பறைத் தொட்டி சத்தமே இல்லாமல் கசிந்திருக்கிறது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தேன், முகப்பில் இருந்த சின்னச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றினால் எங்கோ கசிவு என்று அர்த்தம். கிளம்பும் முன் மீட்டருக்குப் பக்கத்து வால்வை மூடிவிடுங்கள், ரீடிங்கைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஆள் வந்து பார்க்க முடியாதபோது பழைய சராசரியை வைத்து உத்தேசமாகப் பில் போடுவார்கள். அதைத் திருத்தச் சொல்ல அந்தப் போட்டோதான் கைகொடுக்கும். ரொம்ப நாள் வெளியூர் என்றால், தற்காலிகமாக இணைப்பை நிறுத்த முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.