படத்துக்கு அடியில் ஒரு பெயர்

பத்திரிகையில் வரும் புகைப்படத்தின் ஓரத்தில் 'நன்றி: இணையம்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. வேதாரண்யம் உப்பளத்துக்கு விடியும் முன்பே போய், வேலை செய்பவர்களிடம் பேசி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் கேமராவை வெளியே எடுக்கிறோம். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மைக்கு எதிரே முகங்கள் இருண்டுவிடும். கண்கள் கூசிச் சுருங்கிவிடும். பஸ் செலவு, தங்கும் செலவு, லென்ஸுக்கு வாங்கிய கடன் எல்லாமே சுயாதீனப் புகைப்படக்காரரின் தலையில்தான். மாதச் சம்பளம் இல்லாத எங்களுக்கு அடுத்த வேலையைக் கொண்டுவருவது படத்தின் கீழ் வரும் பெயர்தான்.

அதற்கு ஒரு முழு வரிகூட வேண்டாம். பெயர், இடம், தேதி, படக்குறிப்பு எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே எழுதித்தான் அனுப்புகிறோம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் உதிர்ந்துவிடும் என்பதால் மின்னஞ்சலிலும் அனுப்புகிறோம். அப்படியும் பத்திரிகைக்காரர்கள் பெயரை விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "பக்கத்தில் இடமில்லை சார்" என்கிறார்கள். கட்டுரையாளர் பெயருக்கு மட்டும் கொட்டை எழுத்தில் இடம் இருக்கிறது!

பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் படைத்தவர் தன் பெயரைக் கோரலாம் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு. அதை எடுத்துச் சொன்னால் அடுத்த முறை அழைக்கவே மாட்டார்கள். (கட்டணம் மாதக்கணக்கில் இழுப்பது தனிக் கதை.) ஒரு முறை ஊரையே மாற்றி, 'தூத்துக்குடி உப்பளம்' என்று போட்டுவிட்டார்கள். என்னை நம்பி முகம் காட்டிய அந்தத் தொழிலாளர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?